உணவும் எள்ளலும்: அரசியல் மேடைகளில் இனஞ்சார் உணவு நகை – மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இனத்தாரை அல்லது மொழியினரை அவர்தம் உணவைக் கொண்டு அரசியல்வாதிகள் நகையாடும்போது அது இழிவா, தீங்கற்ற வேடிக்கையா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடையைச் சொல்லில் தேடுவது போதாது. பேச்சில் அவ்வுணவு எதனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதில் தேடவேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் நகை பற்றிக் கூறுவன இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. அமெரிக்கா, பிரான்சு, இத்தாலி, குசராத்து, தமிழ்நாடு ஆகிய இடங்களின் பேச்சுகள் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், இளிவரல், கருப்பொருள், உணா, அரசியல் பேச்சு, புலம்பெயர் தொழிலாளர்

முன்னுரை

அரசியல் மேடையில் உணவு பேசப்படாத நாடு இல்லை. விலைவாசி, பஞ்சம், நியாயவிலைக் கடை, பள்ளி மதிய உணவு எனப் பல வகையில் அது பேசப்படுகிறது. அவற்றுள் மிகச் சிறிய ஒரு பகுதியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஓர் இனத்தார் உண்பதையோ விற்பதையோ சுட்டிக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் ஒற்றை வரிகளே அப்பகுதி. சொல்லி முடிக்கச் சில நொடிகளே ஆகும் இவ்வரிகள் பல நாள் வழக்காகவும் சிலபோது காவல்துறைப் புகாராகவும் நீள்கின்றன.

இவ்வழக்குகள் எல்லாம் ஒரே வாய்பாட்டில் நடக்கக் காணலாம். இழிவுபடுத்திவிட்டார் என்கிறது ஒரு தரப்பு. ஒரு வேடிக்கையைத் தாங்க இயலாதா என்கிறது மறு தரப்பு. மன்னிப்போ விளக்கமோ வருகிறது; வழக்கு ஓய்கிறது. இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. சொல்லப்பட்ட சொல்லுக்குள்தான் குற்றமோ குற்றமின்மையோ இருக்கிறது என இரண்டும் கொள்கின்றன. மீன், சோளரொட்டி, பானிபூரி என்பவை இழிசொற்கள் அல்ல; எவரும் விரும்பி உண்பவை. ஆகவே சொல்லை மட்டும் நோக்கினால் பேசியவர் எப்போதும் தப்பித்துக்கொள்வார். ஆய்வு வேறிடத்தில் தொடங்கவேண்டியுள்ளது.

தீங்கற்றது என்னும் வாதம்

நகைத்துணுக்குகளைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தோருள் கிறிஸ்டி டேவிஸ் குறிப்பிடத்தக்கவர். உலகெங்கும் வழங்கும் இனஞ்சார் துணுக்குகளைத் திரட்டி அவர் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. ஒவ்வொரு மக்களும் தம் அண்டையாரை அறிவிலி என்றோ கருமி என்றோ சொல்லிச் சிரிக்கின்றனர்; இச்சிரிப்புக்கும் பகைமைக்கும் நேரான தொடர்பு இல்லை; துணுக்கு ஒரு சமூகத்தின் வெப்பத்தைக் காட்டுமேயன்றி அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது என்பது அவர் கருத்தின் சாரம். உணவால் பட்டப்பெயர் இடும் வழக்கும் பழையது. ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தவளை என்றும் செருமானியரை முட்டைக்கோசு என்றும் அழைத்தனர். ஆங்கிலேயக் கடலோடிகள் எலுமிச்சையால் பெயர்பெற்றனர். இப்பெயர்களால் எவரும் குடியுரிமை இழந்ததில்லை.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நகை என்றாலே வன்மம் எனக் கொள்வோர் நாட்டார் வழக்காற்றில் பாதியைக் கொளுத்த நேரும். எனினும் டேவிஸ் திரட்டியவை பெரும்பாலும் ஆசிரியர் பெயரற்ற துணுக்குகள். யாரோ சொன்னதை யாரோ கேட்டு மற்றொருவருக்குச் சொல்வது அது. பதவியில் உள்ளவரோ பதவி வேண்டி நிற்பவரோ ஒலிபெருக்கியின் முன் சொல்வது வேறு. உரிமம் வழங்கவும் காவலரை ஏவவும் வல்ல வாயிலிருந்து வரும்போது அதே துணுக்கு ஒரு குறிப்பாணையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. ஃபோர்டு, ஃபெர்குசன் ஆகியோர் 2004இல் முன்வைத்த கருத்தும் இங்கே பொருந்தும். இழிவுநகை புதிதாக வெறுப்பை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வெறுப்புடையோர்க்கு அதை வெளிக்காட்டலாம் என்னும் இசைவை அது தருகிறது என்பது அவர்கள் கருத்து. இசைவு தருவது அரசியல் தலைவராக இருப்பின் அதன் எடை கூடும்.

எள்ளலின் இரு பக்கம்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை அதற்குக் கூறுகிறது. பேராசிரியர் இவற்றைத் தன்னிடத்துத் தோன்றுவன, பிறரிடத்துத் தோன்றுவன எனப் பகுக்கிறார். அதன்படி எள்ளல் இரண்டாகிறது: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று. இப்பகுப்பு இன்றைய வழக்குக்குப் பெரிதும் பயன்படுவது. எள்ளப்பட்டவரும் சிரிக்க இடமுள்ள எள்ளலே முழுமையான நகை. அவ்விடம் இல்லாதபோது சொன்னவருக்கு நகையாயிருப்பது கேட்டவருக்கு வேறொரு மெய்ப்பாடாகத் திரிகிறது.

எந்த மெய்ப்பாடாக? இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன நிலைக்களன்கள். மென்மை என்பதற்கு நல்குரவு எனப் பொருள்கொள்வர் உரையாளர். வெகுளிக்குரிய நான்கனுள் ஒன்று குடிகோள். சுற்றத்துக்கும் குடிப்பிறப்புக்கும் கேடு சூழ்தலை அது குறிக்கும். ஆகவே வறியவரின் உணவைச் சொல்லி எள்ளினால் அவருக்குத் தோன்றுவது இளிவரல். அவர்தம் குடியைச் சுட்டி எள்ளினால் வெகுளி. ஒரே வரி மேடையில் நகையாகவும் தெருவில் இளிவரலாகவும் வேறோர் ஊரில் வெகுளியாகவும் நிற்கக்கூடும். ‘நான் நகைக்காகச் சொன்னேன்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அது மெய்ப்பாட்டின் ஒரு முனை பற்றிய செய்தி மட்டுமே.

நகைக்குச் சொல்பவர், இலக்காகுபவர், கேட்டுச் சிரிப்பவர் என மூவர் வேண்டும் என்று ஃபிராய்டு 1905ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அரசியல் உணவு நகையில் நான்காமவர் ஒருவரும் உண்டு. அவர் கருவியாகப் பயன்படுபவர். இலக்கு எதிர்க்கட்சியாகவோ ஒன்றிய அரசாகவோ இருக்கும். கருவியோ மீன் சமைப்பவராகவோ வண்டி தள்ளுபவராகவோ இருப்பார். இலக்கானவர் மறுமொழி தரும் வன்மை உடையவர். கருவியானவர் அவ்வாறில்லை. கீழே காணும் வழக்குகளில் இந்நால்வரையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கவேண்டும்.

உணா என்னும் கருப்பொருள்

உணவைக் கொண்டு ஒரு மக்களை அடையாளம் காண்பது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. கருப்பொருள்களுள் தெய்வத்தை அடுத்து உணாவே எண்ணப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழியெங்கும் எயினரும் இடையரும் உழவரும் வலைஞரும் அந்தணரும் தத்தம் உணவை அவனுக்கு இடுகின்றனர். உடும்பும் தினைச்சோறும் மீனும் மாவடுவும் ஒரே நாவால் உண்ணப்படுகின்றன; எதையும் முகஞ்சுளித்துக் கூறும் குறிப்பு இல்லை. உணவு அங்கே நிலத்தின் அடையாளம். இன்றைய மேடை நகையிலும் உணவு அடையாளந்தான். ஆனால் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, ‘இங்கே இவர்களுக்கு என்ன வேலை’ என்னும் தொனியோடு அது வந்து நிற்கிறது.

சங்கப் பாடல்களை ஏற்றத்தாழ்வற்ற உலகாகக் காட்டுவது என் நோக்கமன்று. நற்றிணை 45ஆம் பாடலில் தோழி, தலைவியைக் கடலோடும் பரதவர் மகள் என்றும் தலைவனைச் செல்வ மூதூரைச் சேர்ந்தவன் என்றும் பிரித்துக் காட்டி, எம்மீது புலவு நாற்றம் வீசும், விலகி நில் என்கிறாள். உணவின் நாற்றமும் வகுப்பு வேறுபாடும் அங்கே வெளிப்படையாகவே பேசப்படுகின்றன. எனினும் நாற்றத்தைச் சொல்பவள் அந்நாற்றத்துக்கு உரியவள். விலகச் சொல்லப்படுபவன் செல்வன். தமிழில் ‘நாற்றம்’ என்னும் சொல்லே நறுமணத்தையும் குறித்து வழங்கிப் பின்னர் இழிந்தது என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.

ஈஸ்ட் ஹேவன், 2012

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஈஸ்ட் ஹேவன் ஒரு சிறு நகரம். இலத்தீன் அமெரிக்க மரபினரைத் துன்புறுத்திய குற்றச்சாட்டில் அந்நகரக் காவலர் நால்வரை ஒன்றியப் புலனாய்வுத்துறை 2012 சனவரியில் கைதுசெய்தது. அன்று தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், இலத்தீன் மக்களுக்காக இன்று என்ன செய்யப்போகிறீர்கள் என நகரத் தலைவர் சோசப் மட்டுரோவைக் கேட்டார். வீட்டுக்குப் போய் டாக்கோ உண்டாலும் உண்பேன் என்பது அவர் தந்த விடை. டாக்கோ என்பது சோளரொட்டியில் இறைச்சியோ காயோ வைத்து மடித்த மெக்சிகோ உணவு.

இவ்விடையில் இழிசொல் எதுவுமில்லை. டாக்கோவை அவர் பழிக்கவும் இல்லை. உண்பேன் என்றே சொன்னார். ஆனால் வினா, குடிமக்களுக்கு நகராட்சி செய்யவேண்டிய கடமை பற்றியது. விடையிருக்கவேண்டிய இடத்தில் உணவு வந்து அமர்ந்துகொண்டது. காவலரின் கையில் பட்ட துன்பத்துக்கு ஈடாக ஒரு தின்பண்டத்தின் பெயர் வைக்கப்பட்டது. இதுவே இவ்வகை நகையின் உள்ளமைப்பு என்பது என் கருத்து. உரிமை பற்றிய வினாவுக்கு விடையாக உணவு நிற்கும்போது நகை இழிவாகிறது, அவ்வுணவு எத்துணைச் சுவையுடையதாயினும். சுவையுடையதாயிருப்பது பேசியவருக்கு வசதி; எதைப் பழித்தேன் என்று திருப்பிக் கேட்கலாம்.

மக்கள் தந்த மறுமொழி நயமானது. குடியேறியோர் உரிமை அமைப்புகளின் முயற்சியால் நூற்றுக்கணக்கான டாக்கோக்கள் அவர் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டன. பேராசிரியர் பகுத்த இரண்டாம் எள்ளலுக்கு, எள்ளப்பட்டவர் நகுவதற்கு, இது தக்க சான்று. கைதான நால்வருள் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மற்ற இருவர் 2013இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர். மட்டுரோ மன்னிப்புக் கேட்டார். 2013 தேர்தலில் மீண்டும் வென்றார்.

புகழ்ச்சியாகச் சொல்லப்படுவதும் இவ்வமைப்புக்குள் விழுவதுண்டு. 2022 சூலையில் சான் அந்தோனியோ நகரில் இலத்தீன் மக்களின் பன்மையைப் பாராட்டவந்த அதிபர் மனைவி சில் பைடன், அவ்வூர்க் காலையுணவு டாக்கோவைப்போல் தனித்தன்மை உடையவர்கள் என்றார். நாங்கள் டாக்கோ அல்லர் என இலத்தீன் இதழாளர் சங்கம் மறுத்தது. அவர் சார்பில் மன்னிப்புக் கோரப்பட்டது. இதை மட்டுரோவின் விடையோடு ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. அங்கே எந்த வினாவும் தட்டிக்கழிக்கப்படவில்லை; உவமை தேர்ந்தவர் சற்றுச் சோம்பியிருந்தார், அவ்வளவே.

வல்சாடு, 2022

குசராத்துச் சட்டமன்றத் தேர்தலுக்காக வல்சாடில் 2022 நவம்பர் இறுதியில் நடந்த கூட்டத்தில் நடிகரும் பாரதிய சனதா கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான பரேஷ் ராவல் பேசினார். எரிவாயு உருளையின் விலை உயர்ந்துள்ளது, அது குறையும், வேலையும் கிடைக்கும், ஆனால் தில்லியைப் போல் ரோகிங்கியரும் வங்கதேசத்தவரும் உங்கள் அருகில் வந்து குடியேறினால் என்ன ஆகும், உருளையை வைத்து வங்காளிகளுக்கு மீன் சமைப்பீர்களா என்பது அவர் பேச்சின் கருத்து.

மட்டுரோவின் விடைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது. எரிவாயு விலை என்பது வாக்காளரின் அடுப்படியில் எழுந்த வினா. பேச்சு அவ்வினாவை ஏற்று, பின் விலக்கி, அடுப்பின் மேல் மீனை வைத்துவிடுகிறது. உருளையின் விலையைப் பற்றிக் கவலைப்பட்டவர் இப்போது அவ்வுருளையில் யார் சமைப்பர் எனக் கவலைப்படவேண்டும். எரிவாயு என்னும் பொருளை விடாமலே வினாவை மாற்றிய திறம் நடிகருக்கு உரியது. மேடைப்பேச்சு என்ற அளவில் அது தேர்ந்த வேலை.

திசம்பர் 2ஆம் நாள் அவர் மன்னிப்புக் கோரினார். அம்மன்னிப்பில் ஒரு விளக்கமும் இருந்தது: மீன் இங்கே பொருட்டன்று, குசராத்தியரும் மீன் சமைத்து உண்கின்றனர், வங்காளி என்று தாம் குறித்தது சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறிய வங்கதேசத்தவரையும் ரோகிங்கியரையும் என்றார். இவ்விளக்கத்தின் முற்பகுதி முழு உண்மை. இந்திய மாநிலங்களுள் மிக நீண்ட கடற்கரையையும் வெராவல் போன்ற பெரிய மீன்பிடித் துறைமுகங்களையும் கொண்டது குசராத்து. பிற்பகுதிதான் சிக்கல். வங்கமொழி பேசும் இந்தியக் குடிமக்களைக் குறிக்கவில்லை என்றால், அயல்நாட்டவரைக் குறிக்க அச்சொல் எப்படிப் பயன்பட்டது? மொழியால் ஒருவர், உணவால் ஒருவர், அண்டை நாட்டவர் என்ற மூன்றும் ஒரே சொல்லுக்குள் கலக்கப்பட்டபின், அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு கேட்பவரிடம் விடப்பட்டது. தெருவில் ஒருவரைத் தடுத்து நிறுத்துபவர் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இக்கலப்பு கற்பனை அச்சமன்று. 2020 சனவரியில் அதே கட்சியின் தேசியப் பொதுச் செயலர் கைலாஷ் விசயவர்கியா, தம் வீட்டில் கட்டட வேலை செய்தோர் அவல் மட்டும் உண்டதைக் கண்டு அவர்கள் வங்கதேசத்தவரோ என ஐயுற்றதாக இந்தூரில் பேசினார். அது நகையாகச் சொல்லப்பட்டதன்று. இந்தூரின் காலையுணவே அவல்தான் என்பதால் நகை நாட்டு மக்களிடமிருந்து வந்தது. நகையாகச் சொன்ன மீனும் மெய்யாகச் சொன்ன அவலும் ஒரே வேலையைச் செய்கின்றன: உணவைக் கண்டு குடியுரிமையை ஐயுறலாம் என்று கற்பிக்கின்றன.

ராவலின் பேச்சுமீது மேற்கு வங்க மார்க்சியக் கட்சித் தலைவர் முகமது சலீம் கொல்கத்தாவில் காவல்துறைப் புகார் அளித்தார். 2023 தொடக்கத்தில் கல்கத்தா உயர்நீதிமன்றம் ராவலுக்கு ஆதரவாக ஆணையிட்டது. அதுவே முறை எனக் கருதுகிறேன். சட்டத்தின் தராசு வேறு, ஆய்வின் தராசு வேறு. இழிவான நகை ஒவ்வொன்றும் தண்டனைக்குரிய குற்றமாகிவிடின் அக்கருவி முதலில் எளியோரின் நகைமீதே பாயும்.

நாற்றம்

உணவின் பெயரைச் சொல்லாமல் உணவைச் சொல்லும் வழியும் ஒன்றுண்டு. பாரிசு நகரத் தலைவராகவும் முன்னாள் தலைமையமைச்சராகவும் இருந்த சாக் சிராக், 1991 சூன் 19இல் ஆர்லியன் நகரில் தம் கட்சியினர் முன் பேசினார். உழைத்து வாழும் பிரெஞ்சுத் தொழிலாளி ஒருவர். அவர் வீட்டுக்கு எதிரே பல மனைவியரும் இருபது பிள்ளைகளும் உடைய குடியேறியவர் ஒருவர், வேலையின்றி அரசு உதவித்தொகை பெறுகிறார் என ஒரு காட்சியை விரித்தார். அதனோடு ஓசையையும் நாற்றத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். கூட்டம் சிரித்தது.

எதன் நாற்றம் என அவர் சொல்லவில்லை. சமையலின் நாற்றமா, உடலின் நாற்றமா என்பது கேட்போர் முடிவுக்கு விடப்பட்டது. சொல்லாமல் விட்டதில்தான் அந்நகையின் ஆற்றல் உள்ளது. உணவு உண்பவரினின்று பிரிக்கக்கூடியது. நாற்றமாகிவிட்டால் உண்பவரோடு ஒட்டிக்கொள்கிறது. மகிரேபு மரபினர் பலரைக் கொண்ட துலூசு நகர இசைக்குழு செப்டா, 1995இல் அதே தொடரைத் தன் பாடலுக்கும் இசைத்தொகுப்புக்கும் பெயராக்கி, சிராக்கின் குரலையே அதில் சேர்த்து ஒலிக்கச் செய்தது. அவ்வாண்டுதான் சிராக் அதிபரானார்.

தமிழருக்கு நெருங்கிய வழக்கும் இவ்வகையில் ஒன்றுண்டு. சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2024இல் அமெரிக்க அதிபர் வேட்பாளரானார். அவர் வென்றால் வெள்ளை மாளிகை கறிக்குழம்பு நாறும் என்று, முன்னர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டவரும் டிரம்பின் ஆதரவாளருமான லாரா லூமர் செப்டம்பரில் எழுதினார். தம் கட்சியைச் சேர்ந்த சிலரே அதை இனவெறி என்று கண்டித்தனர். துணை அதிபர் வேட்பாளர் வான்சிடம் இதுபற்றிக் கேட்டபோது, தாமும் நன்றாகக் கோழிக்கறி சமைப்பவர் என்றும் உணவு விருப்பம் பற்றிப் பேசுவதில் இழிவில்லை என்றும் விடைதந்தார். நாற்றம் பற்றிய பேச்சு நொடியில் விருப்பம் பற்றிய பேச்சாக்கப்பட்டது. தீங்கற்றது என்னும் வாதம் நடைமுறையில் இவ்வாறுதான் இயங்குகிறது: ஓர் இனத்தார் அவ்வீட்டில் இருக்கலாமா என்னும் வினாவைச் சுவை பற்றிய வினாவாக அது பெயர்த்துவிடுகிறது.

ஒத்தாரிடையே

அதே சிராக் 2005 சூலையில் கலினின்கிராடில் புதின், சுரோடர் ஆகியோருடன் உரையாடுகையில் ஆங்கிலேயரை எள்ளினார். இவ்வளவு மோசமாகச் சமைப்பவரை நம்ப இயலாது. பின்லாந்துக்கு அடுத்து மோசமான உணவு அவர்களுடையதே என்ற பொருளில் அவர் சொன்னவை பிரெஞ்சு நாளிதழில் வெளியாயின. இரண்டே நாளில் சிங்கப்பூரில் 2012 ஒலிம்பிக் நகரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு நடந்தது. இலண்டன் 54, பாரிசு 50. பின்லாந்து உறுப்பினர் இருவரின் வாக்கே பாரிசைக் கவிழ்த்தது எனப் பேசப்பட்டது. இரகசிய வாக்காதலின் அதை நிறுவ இயலாது, கதையாக நன்றாயிருக்கிறது.

இந்நகையில் வன்மம் இல்லை எனச் சொல்ல இயலாது. ஆனால் இலக்கும் கருவியும் இங்கே ஒருவரே. அவர் ஒரு பேரரசு ஆண்ட நாட்டவர். மறுநாளே தம் நாளிதழ்களில் இருமடங்காகத் திருப்பித் தரவல்லவர். 1991இலும் 2005இலும் பேசிய வாய் ஒன்றே. ஆர்லியனில் சிரிக்கப்பட்டவருக்கு வீட்டுவசதி, உதவித்தொகை, குடியிருப்பு உரிமை ஆகியன அந்த வாயைச் சார்ந்திருந்தன. கலினின்கிராடில் சிரிக்கப்பட்டவருக்கு எதுவும் சார்ந்திருக்கவில்லை.

இடைப்பட்ட நிலைக்கு இத்தாலியின் பெர்லுஸ்கோனி சான்றாவார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை எந்நாட்டில் அமைப்பது என்ற போட்டியில், பார்மா நகரம் நல்லுணவின் மறுபெயர், பின்லாந்தினருக்குப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி இன்னதென்றே தெரியாது என 2001இல் எள்ளினார். ஆணையம் பார்மாவுக்கே சென்றது. வேதிப்பொருள் ஆணையம் ஹெல்சிங்கிக்குக் கிடைத்தது. பின்லாந்து நிறுவனம் ஒன்று புகையூட்டிய கலைமான் இறைச்சியிட்ட பீட்சாவுக்குப் பெர்லுஸ்கோனி எனப் பெயரிட்டு, 2008இல் நியூயார்க்குப் போட்டியொன்றில் இத்தாலியரை வென்றது. உரிய முடிவொன்றின் இடத்தில் உணவு நகை வந்தமர்ந்தது என்பதால் இது குற்றமற்றதன்று. எள்ளப்பட்டவர் அரசும் அடுப்பும் உடையவர் என்பதால் இளிவரலாக முடியவில்லை.

கோயம்புத்தூர், 2022

இதுவரை கண்ட தராசை நம் மேடைக்கும் கொண்டுவரவேண்டும். இல்லையேல் ஆய்வு, பிறர் குற்றம் காணும் வழக்கமாகிவிடும். உணவகம் நடத்திய தென்னிந்தியர் மும்பையில் பட்டதை நாம் மறக்கவில்லை. 1966இல் சிவசேனை தோன்றியபின் லுங்கியை எள்ளும் முழக்கம் எழுந்தது. எள்ளப்பட்டது உடை, அடிபட்டவை உடுப்பி உணவகங்கள். மதராசி என்னும் ஒற்றைச் சொல்லில் நான்கு மொழியினர் அடக்கப்பட்டனர்.

2022 மே 13இல் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா நடந்தது. ஆளுநர் மேடையிலிருக்க, உயர்கல்வி அமைச்சர் பொன்முடி இருமொழிக் கொள்கையை வலியுறுத்திப் பேசினார். இந்தி கற்றால் வேலை கிடைக்கும் என்பாரை மறுத்து, கோயம்புத்தூரில் பானிபூரி விற்பவர் யார் எனக் கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது.

இலக்கு யார் என்பதில் ஐயமில்லை. இந்தியைத் திணிக்க முனையும் ஒன்றிய அதிகாரமும், அதன் சார்பாளராக மேடையில் இருந்த ஆளுநரும். மேல்நோக்கி எறியப்பட்ட கல் அது. வல்சாடு பேச்சிலிருந்து இது வேறுபடும் இடமும் அதுவே. வாதத்தின் உள்ளீடும் வலுவற்றதன்று: இந்தி பேசும் மாநிலங்களிலிருந்து வேலை தேடித் தமிழ்நாட்டுக்கு மக்கள் வருகின்றனர் என்பது பொருளியல் உண்மை, மொழி வேலை தரும் என்னும் கூற்றை அது அசைக்கிறது. அவர் சொன்ன கொள்கையோடு எனக்கு மாறுபாடில்லை.

ஆனால் கல்லாகப் பயன்பட்டவர் வண்டிக்காரர். பானிபூரி விற்பது தோல்வியின் அடையாளம் என்று கேட்பவர் ஒப்புக்கொண்டால்தான் அவ்வரியில் சிரிப்பு பிறக்கும். தள்ளுவண்டித் தொழிலைத் தாழ்வாகக் கருதாத ஒருவருக்கு அது வெறும் செய்தி, நகையன்று. அதே ஊரில் இட்லிக் கடை, பணியாரக் கடை, சூப்புக் கடை வைத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் பலர். அவர்களுள் சிலர் அன்று அரங்கில் பெற்றோர் வரிசையில் இருந்திருக்கவும் கூடும். உணவு நகையின் இயல்பே இதுதான்: இனத்தைக் குறிவைத்து எறிவது தொழிலிலும் வறுமையிலும் போய்ப் படும். நல்குரவை இளிவரலின் நிலைக்களனாகக் கண்ட உரையாளரின் கூர்மை இங்கே விளங்குகிறது.

ஈஸ்ட் ஹேவனில் பயன்பட்ட மறுமொழி இங்கே இயலாது என்பதும் கருதத்தக்கது. டாக்கோ அனுப்பியவர்க்கு அமைப்பு இருந்தது, வாக்கு இருந்தது, பேசியவரின் மொழி தெரிந்திருந்தது. பானிபூரி விற்பவருக்குப் பெரும்பாலும் இவ்வூரில் வாக்கு இல்லை. அரங்கில் இடமும் இல்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. அவை பொய் எனக் காவல்துறை விளக்கவும், பீகார் அரசு குழு அனுப்பவும் நேர்ந்தது. அமைச்சரின் பேச்சுக்கும் அப்பொய்க்கும் தொடர்பு கற்பிப்பது நேர்மையாகாது. ஆனால் ஒரு பொய் நம்பப்படுவதற்கு வேண்டிய மண் எதுவென்று கேட்கலாம். தமிழில், பட்டம் பெறும் மாணவர் முன், ஒரு வாதத்தின் நடுவில் எழுந்த சிரிப்பு, இந்திச் செய்தித்தளங்களைச் சென்றடைந்தபோது வாதமும் உடன் செல்லவில்லை, சிரிப்பும் செல்லவில்லை. அமைச்சர் ஒருவர் பானிபூரி விற்போரைப் பற்றிச் சொன்ன ஒரு வரி மட்டுமே சென்றது.